அவசரக் குடைக்கு ஒரு காப்பு

என் தங்கை உமையாளின் புருஷன் காளிராஜ் பறக்கப் போகிறேன் என்று சொன்னபோது, நானும் கூடப் பறப்பதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். எடை பார்க்கிற நாள் வரைக்கும் அந்தப் பேச்சு எடுபட்டது.

எங்கள் மிளகாய்க் காடு உச்சிப்புளிக்குப் பக்கம். கடற்படை விமானங்கள் தலைக்கு மேலேயே போய்வரும். முதுகில் பவர் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருக்கும் காளிராஜ், சத்தம் கேட்டால் அப்படியே நின்று அண்ணாந்து பார்ப்பான். மருந்து ஒரே செடியில் கொட்டிக்கொண்டிருக்கும். "ஒரு தடவ மேல இருந்து நம்ம வெள்ளாமையப் பாத்துறணும் மச்சான்" என்பான். அங்கிருந்து பார்த்தால் செடி இன்னும் மோசமாகத் தெரியுமே என்பேன்.

முதுகில் மோட்டாரையும் தலைக்கு மேல் துணிச் சிறகையும் வைத்துப் பறக்கிற பாராமோட்டாருக்குப் பயிற்சி தரும் இமானுவேலை அவன்தான் தேடிப் பிடித்தான். தேவிபட்டினம் தாண்டிய பொட்டலில் அனுமதி வாங்கி வகுப்பு நடத்துகிறவர். உச்சிப்புளிப் பக்கம் யாரும் தலையைத் தூக்கக் கூடாது, அது கடற்படையின் வானம். முதல் நாள் மோட்டாரை முதுகில் ஏற்றியதுமே காளிராஜ் சிரித்துவிட்டான். "அதே பாரம், அதே சத்தம். மருந்து நாத்தம் மட்டும் இல்ல."

"சாமான் வாங்குறதுக்கு முன்னாடி எடை பாக்கணும்" என்றார் இமானுவேல். "ஆளு, மோட்டாரு, பெட்ரோலு, ஹெல்மெட்டு எல்லாம் சேத்து. அந்த எடைக்குத் தக்கன சிறகு. சின்னதா வாங்குனா துள்ளும், பெருசா வாங்குனா காத்து இழுத்துட்டுப் போயிரும். கலரப் பாத்து வாங்குறது சேலை மட்டும்தான்."

எங்களுக்குத் தெரிந்த பெரிய தராசு மிளகாய் மண்டியில்தான் இருந்தது. இமானுவேலின் மோட்டாரை மாட்டிக்கொண்டு காளிராஜ் ஏறி நின்றான். மண்டிக்காரர் சீனி முகம்மது முள்ளைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் சாக்குக்கும் தூசிக்கும் கழிவு போட்டுத்தான் எடையைச் சொன்னார். இமானுவேல் கழித்ததைத் திரும்பக் கூட்டச் சொன்னார். பிறகு நான் ஏறினேன். சீனி முகம்மது முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர ரெண்டு லாட்டாப் போட்டுறலாமா?"

அத்தோடு என் விமானப் பயணம் முடிந்தது. நான் தரையில் நின்று வாக்கி-டாக்கி பிடிக்கிறவன் ஆனேன்.

காளிராஜ் எல்லாவற்றையும் சரியாகத்தான் வாங்கினான். இதை நான் பிற்பாடு பல பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேகமான சின்னச் சிறகு ஒன்று அவன் கண்ணைப் பறித்தும், இமானுவேல் சொன்ன சாதுவான, புதியவர்களுக்கான சிறகையே எடுத்தான். மோட்டாரும் தன் எடைக்குப் போதுமானதுதான், அதற்கு மேல் இல்லை. இருக்கைப் பட்டைகளை மணிக்கணக்கில் மாட்டிக் கழற்றிப் பார்த்தான். கடைசியாக அவசரக் குடை, அதாவது ஒரு சின்ன பாராசூட். சிறகு மடங்கிப் போனால் சிவப்புக் கைப்பிடியை உருவி வெளியே வீச வேண்டும். உள்ளே மடித்து வைத்த இரண்டாவது குடை விரியும். அது இருக்கைக்கு அடியில் ஒரு பைக்குள் இருந்தது.

"பறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்தப் பைய கையால தடவிப் பாக்கணும்" என்றார் இமானுவேல். "கண்ணு பொய் சொல்லும். கைதான் பாக்கணும்."

பயிற்சி முடிந்து, சொந்தச் சாமானோடு முதல்முறை பறக்க ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். நட்சத்திரம் பார்த்தது உமையாள். குட்டியானை வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி விடியும் முன்பே பொட்டலுக்குப் போய்விட்டோம். இமானுவேல் வேறொரு வகுப்புக்காக வெளியூர் போயிருந்தார். போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: "வெயில் ஏறுறதுக்குள்ள ஏறி இறங்கிருங்க. தரை சூடானா காத்து கொதிக்கும்."

பூஜை வைக்காமல் எங்கள் வீட்டில் போர்வெல் மோட்டாரைக்கூட ஓடவிட்டதில்லை. உமையாள் மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். விசிறிக்கு மாலை போடப் போனவளை நான் தடுத்து நிறுத்தினேன். அன்றைக்கு என்னால் ஆன உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு அவள் கேட்டாள்.

"அண்ணே, இதுல எது அவுக உசுரக் காப்பாத்துறது?"

"அந்தா, சீட்டுக்கு அடியில ஒரு பை இருக்குல்ல, அதுதான். எல்லாம் கைவிட்டாலும் அது கைவிடாது" என்றேன். சொல்லிவிட்டுச் சுண்டல் தின்னப் போய்விட்டேன்.

பூஜை முடிவதற்குள் இராகு காலம் தொடங்கிவிட்டது. "ஒன்பதுக்கு மேல ஏறட்டும்" என்றாள் உமையாள். காளிராஜ் கிழக்கே பார்த்தான், என்னைப் பார்த்தான். "இந்நேரத்துல ஏறுனா இவ கீழ நின்னு செத்துப்போவா மச்சான். போய்ட்டுப் போகுது, ஒரு சுத்துதான" என்றான். மூவரும் குட்டியானை நிழலில் உட்கார்ந்திருந்தோம். வெயில் பொட்டலில் வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்பது தாண்டியதும் எழுந்து மோட்டாரை மாட்டிக்கொண்டான். பட்டைகளை இழுத்துப் பார்த்தான். கையைப் பின்னால் விட்டு இருக்கைக்கு அடியில் பையைத் தடவினான். அங்கேயே கை ஒரு கணம் நின்றது. திரும்பி உமையாளைப் பார்த்தான். அவள் கும்பிட்ட கையோடு நின்றிருந்தாள். என்னிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஓடினான், எழும்பினான். அழகாகத்தான் இருந்தது. வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது. "மச்சான், நீ இங்கேருந்து பாத்தா கடுகாட்டம் இருக்க. பெரிய கடுகு." உமையாள் சிரித்தாள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

கண்மாய்க் கரைக்கு மேலே போனபோது சிறகின் ஒரு பாதி, யாரோ துணி மடிக்கிறது போல, மடங்கியது. அவன் சுழல ஆரம்பித்தான். "குடையப் போடு, குடையப் போடு" என்று நான் கத்தினேன். வாக்கி-டாக்கிப் பித்தானை அமுக்கிக்கொண்டு கத்தினேனா, சும்மா கத்தினேனா தெரியாது. குடை வரவில்லை. தரைக்குப் பக்கத்தில் சிறகு பாதி விரிந்தது. அப்படியே சீமைக் கருவேலங் காட்டுக்குள் போய் விழுந்தான்.

குட்டியானையில் கிடந்த அரிவாளால் முள்ளை வெட்டிக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தது நான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். மூச்சு இருந்தது. வலது கை சிவப்புக் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது. கைப்பிடி உருவப்பட்டிருக்க வேண்டும், உருவப்படவில்லை. அதையும் பையையும் சேர்த்துச் சுற்றி, சுற்றிச் சுற்றி, முறுக்கிய மஞ்சள் கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தது. நடுவில் முடிந்த ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. காப்பு. புது டிராக்டருக்கு, நடுகிற பந்தக்காலுக்கு, திருவிழாவில் விரதம் பிடிக்கிறவன் மணிக்கட்டுக்குக் கட்டுவது. எது காப்பாற்றும் என்று நான் கைகாட்டினேனோ, அதற்கே கட்டியிருக்கிறாள். அவன் இழுத்த இழுப்பில் கயிறு துணிக்குள் பதிந்திருந்தது, அறுபடவில்லை.

பின்னால் உமையாள் முள்ளுக்குள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அரிவாளால் கயிற்றை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முள் கீறிய காயமெல்லாம் ஆறும் என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே இனி அசைவு எதுவும் வராது என்பதையும் அதே குரலில் சொன்னார். காடு கழனி எல்லாம் கெடுக்கிறது, வேரோடு பிடுங்கு என்று நாங்கள் திட்டித் தீர்த்த கருவேலம்தான் அவன் உயிரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஊருக்குப் போனதும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கிட்டப் போனால் குத்தும்.

உமையாள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பையைத் தொட்டேன். எதையும் எடுக்கவில்லை. அதற்குள் காளிராஜ் பேசினான்.

"கையில தட்டுப்பட்டுச்சு மச்சான்."

"எப்ப?"

"ஏறுறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா மாப்ள ஏறுன?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா. கட்டுன காப்ப கண்ணு முன்னாடி அறுத்துட்டுப் போனா, நான் இறங்குற வரைக்கும் அவளுக்கு உசுரு நிக்குமா? ஒரு சுத்துதானன்னு நெனச்சேன். அது தேவைப்படும்னு யாரு கண்டா."

சட்டைப் பையை விட்டுக் கையை எடுத்தேன்.

"இமானுவேலு வந்து சாமானப் பாப்பாரு. கேட்டா என்ன சொல்ல?"

"பதட்டத்துல நான் கைப்பிடிய இழுக்கவே இல்லன்னு சொல்லு. வேற யாரும் கேட்டாலும் அதான்."

"பயந்தாங்கொள்ளின்னு பேராயிரும்."

"ஆகட்டும். இனிமே நான் எங்க எந்திரிச்சுப் போயி நான் வீரன்னு காட்டப் போறேன்."

உமையாள் தூக்குவாளியோடு வந்தாள். கன்னத்தில், கையில் எல்லாம் முள் கிழித்த கோடுகள். கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பையில ஒரு காப்புக் கட்டிருந்தேன். பாத்தியா?"

நான் காளிராஜைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்து யாரு பிழைக்கிறா? அதுதான் அண்ணே அவுகளத் திருப்பிக் குடுத்துச்சு. அது இருந்தா அவுக கையில கட்டிவிடணும். நடந்து வந்துருவாக."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் துண்டு அப்படியே இருந்தது. கயிறு நடுவில் அறுந்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முள்ளு வெட்டுறப்ப அரிவா பட்டுருச்சு" என்றேன்.

"பட்டாப் படுது." அறுந்த முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். காளிராஜ் தானாகவே வலது கையை நீட்டினான். அந்தக் கைதான். மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றை ஓட்டினாள்.

"கொஞ்சம் லூசாவே கட்டு புள்ள" என்றான் அவன்.

"லூசாக் கட்டுனா காப்பு நிக்காதுங்க" என்றாள். குனிந்து, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, முடிச்சை இறுக்கினாள்.