யோகேந்திரனின் தன்முனைப்பு உரை

"பிள்ளைங்களுக்குக் கனவே இல்ல! ராத்திரி பூரா ஹேண்ட்போன், காலையில கிளாஸ்ல தூக்கம்!"

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோகேந்திரன் முழங்கினார். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். பீடோங் ஊரில் பெரிய சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சோதனை நெருங்குகிறதென்று ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாமாம். பேச வேறு ஆளே கிடைக்கவில்லை போலும்!

பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து அகத்தாவும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் செரீனா ராத்திரியெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது போனை அல்ல, இந்த மனுஷன் கடை எச்சில் தட்டை. விடுமுறைக்கு மட்டும் என்று சேர்ந்தவள், இப்போது பள்ளி விட்டதும் போனால் கடை மூடித்தான் வருகிறாள். கணிதத்தில் எப்போதும் ஏ வாங்கிய பிள்ளை, மாதிரிச் சோதனையில் கோட்டை விட்டது. எஸ்.பி.எம்மும் போனால் தாதியர் படிப்பு அவ்வளவுதான்.

முன்வரிசையில் செரீனா தூங்கி விழுந்தாள். யோகேந்திரன் விரலை நீட்டினார்.

"பாருங்க, இந்த மாதிரிதான்!"

மண்டபமே சிரித்தது. தன் கடையில் வேலை செய்யும் பிள்ளை என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சிரித்தார். தூ!

அகத்தா எழுந்துவிட்டாள்.

"அண்ணே, அது உங்க கடையில தட்டு கழுவுன தூக்கம்லா! சொல்ல வாய் கூசல?"

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். யோகேந்திரனோ அசரவில்லை.

"பாவம்னு வேல குடுத்தேம்மா. வேணாம்னா இன்னிக்கே நிறுத்திக்குங்க. நானா புடிச்சு வச்சிருக்கேன்?"

குரலில் அத்தனை தேன்.

"நிறுத்திக்கிறோம். செரீனா, நீயே சொல்லு!"

செரீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வேலைய விட்டு நிக்க மாட்டேன்மா. படிச்சு என்னாவப் போவுது? பாஸ் என்னைய சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காரு. சோதனை எழுதுறதே ஒனக்காகத்தான்."

நர்ஸ் ஆவேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்த பிள்ளையா இது?

யோகேந்திரன் மைக்கை உயர்த்தினார். "கேட்டீங்களா? இதான் தன்னம்பிக்கை! கைதட்டு குடுங்க!"

தட்டினார்கள். செரீனாவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த புஷ்பவள்ளி டீச்சரும், யோகேந்திரன் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தட்டினாள். செரீனா மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!