கடைவீதிக்கு முதுகு காட்டிய தளபதி

திறப்பு விழாவுக்கு மறுநாள் மதியம், வெண்கலத் தளபதி பீடத்தின் மேலேயே திரும்பி, கடைவீதிக்கு முதுகைக் காட்டி நின்றார். சத்தம் எதுவும் வரவில்லை. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வந்த பேருந்தில் ஏறிப் போனார்கள். நினைவிடக் கமிட்டித் தலைவரான மருந்துக்கடைக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டு, சிமெண்டில் மணலைக் கூட்டிவிட்டாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். "பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கமா? சிலை திரும்பினா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார் கொத்தனார். கிரேன் வைத்துத் திருப்பி, காலில் போல்ட் முடுக்கினார்கள். அடுத்த நாள் மதியம் தளபதி மறுபடி திரும்பிவிட்டார். புறமுதுகு காட்டாதவர் என்று பீடத்தில் பெரிதாக வெட்டி வைத்திருந்த ஊருக்கு மானம் போயிற்று.

அவர் பார்த்துக்கொண்டு நின்றது பீடத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தின் மறுகோடி இஸ்திரிக் கடையை. தளபதி இதே ஊரில் பிறந்தவர். லீவில் வரும்போதெல்லாம் சீருடையை இஸ்திரியம்மாவிடம்தான் கொடுப்பார், அவள் வைக்கிற மடிப்புதான் நிற்கும் என்பார். போர் மூண்டபோது அவளுடைய ஒரே மகனைக் கேட்டு வந்ததும் அவர்தான். "என்கூட அனுப்புக்கா, கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன்" என்றார். நம்பி அனுப்பினாள். ஒரு குளிர்காலத்தில் பையன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். பிடித்தார்கள். அவனைச் சுடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அதே மனிதர். நினைவிடம் கட்டியபோது ஊரிலிருந்து போய் மாண்ட அத்தனை பேரின் பெயரும் பீடத்தில் ஏறியது, அவன் பெயர் ஏறவில்லை. கேட்கப் போனவளிடம் மருந்துக்கடைக்காரர், "வீரருங்க பேருக்கு நடுவுல ஓடினவன் பேரை எப்படிம்மா போடறது?" என்றார். அன்றைக்கு அவள் கடைவீதி முழுக்க வாய்விட்டு அழுதுகொண்டே போனாள்.

இப்போது அந்த வெண்கல முகம் விடிந்தது முதல் அவளையே பார்த்தது. அவளால் தாங்க முடியவில்லை. மேசையைச் சந்துக்குள் மாற்றினாள். தளபதி சந்துப் பக்கம் திரும்பினார். திரை கட்டினாள். திரையைத் தாண்டியும் பார்வை முதுகில் உறைத்ததில் யாருடையதோ நல்ல சட்டையைப் பொசுக்கினாள். ஊர் சும்மா இருக்குமா? அவர் மன்னிப்புக் கேட்கிறார், பெரிய மனுஷன், நீதான் மனமிறங்க வேண்டும் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னது. "மன்னிப்புன்னா வாயத் தொறந்து கேக்கட்டும். மொறைச்சுப் பாத்தா மன்னிப்பா?" என்று இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைத்தாள்.

நினைவு நாளுக்கு அமைச்சர் வருவதாகத் தகவல் வந்ததும் மருந்துக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அமைச்சர் முதுகுக்கா மலர்வளையம் வைப்பார்? இஸ்திரியம்மா மேடைப் பக்கம் உட்கார்ந்தால் தளபதியும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார் என்று கணக்குப் போட்டு, அவள் கடை வாசலில் வந்து நின்றார்.

"வரேன். என் பிள்ளை பேரை வெட்டுங்க" என்றாள்.

"வெட்டிடலாம்மா. வீரமரணம்னே போட்டுடறேன்."

"பொய் எதுக்கு? அவனுக்குப் பயமா இருந்துச்சு, வீட்டுக்கு வரப் பாத்தான், தளபதி சொல்லிச் சுட்டாங்க. அப்படியே வெட்டுங்க."

மருந்துக்கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவள் காலர் மேல் காலராகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், பீடத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை யார் போய்ப் படிக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒத்துக்கொண்டார். கல்வெட்டுக்காரன் அவள் சொன்னதில் ஒரு சொல் விடாமல் வெட்டினான்.

விழாவன்று அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தளபதி மேடைப் பக்கம் திரும்பினார், கமிட்டி பெருமூச்சு விட்டது. அமைச்சர் மலர்வளையத்தோடு படியேறும்போது வெண்கலக் கழுத்து மெல்ல வளைந்தது. பார்வை அவளை விட்டு இறங்கி, பீடத்தின் அடியில் இருந்த புது எழுத்துக்களில் போய் நின்றது. பேண்டு வாத்தியம் ஓரிடத்தில் தடுமாறிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. அமைச்சர் வளையத்தை வைத்து வணங்கிவிட்டுக் காருக்குப் போனார். இஸ்திரியம்மா எழுந்து கடையைப் பார்க்க நடந்தாள்.

அதற்குப் பிறகு தளபதி நிமிரவே இல்லை. ஊர்ப் படம் போட்ட அஞ்சலட்டையில் அவருடைய தொப்பியின் உச்சிதான் தெரிகிறது. ஏன் குனிந்திருக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், படித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்கிறோம். இருக்கிறதே ரெண்டு வரி, இன்னுமா படிக்கிறார் என்று ஒருவர் விவரம் தெரியாமல் இஸ்திரியம்மாவிடமே கேட்டார். அவள் பெட்டிக் கரியை ஊதிக்கொண்டே, "மெதுவாப் படிக்கட்டும். எனக்கே இன்னும் படிச்சு முடியல" என்றாள்.