குழி மூச்சுவிட்ட காலை

2021 நவம்பர் 9 அன்று, கிழக்கு ஹெர்சகோவினாவின் ஸுஹோவிச்சி கிராமத்தில், நீர்மின் நிறுவனம் ஒன்றின் உரிமத்தை எதிர்த்த வழக்கில் நீதிமன்றம் இடத்தை நேரில் பார்வையிட்டது.

வயல்வெளியின் ஓரத்தில் கிணறு அகலத்துக்கு ஒரு பாறைக்குழி. கட்டப்போகும் அணையின் நீர் அதன் வழியே வடிந்துவிடாமல் கான்கிரீட் போட்டு அடைக்க நிறுவனம் அனுமதி வாங்கியிருந்தது. வறண்ட குழி, உயிரினம் ஏதுமில்லை என்றது அவர்களின் சுற்றுச்சூழல் ஆய்வு. அது கோடைக்காலமான ஆகஸ்டில் செய்த ஆய்வு. மழைக்காலத்தில் பாதுகாக்கப்பட்ட குகை உயிர்கள் அதிலிருந்து வெளிவரும், அதனால் உரிமம் செல்லாது என்று கிராமத்தின் வக்கீல் தியோதோரா வாதாடினார். நீதிபதி யாகோதா அம்மையார் ஒரே ஒரு முறை வரச் சம்மதித்தார். ஒன்றும் தென்படாவிட்டால் ஆய்வறிக்கைதான் நிற்கும்.

அன்று காலை குழி காய்ந்தே கிடந்தது. மலைமேல் மட்டும் சில நாட்களாக விடாத மழை. குழிக்கு மிக அருகில் இருந்தது ஸ்தோயாவின் வீடு. அவள் முற்றத்தில் மேசை போட்டுக் காபி ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"இது மூணாவது காபி அக்கா. சாயங்காலம் வரைக்கும் உக்கார வைக்கிற திட்டமா?" என்றார் நிறுவனத்தின் வக்கீல் ஓக்ன்யென்.

"வந்தவங்க பாதியில எந்திரிச்சுப் போனா எங்களுக்குத்தான் அசிங்கம் தம்பி. உங்க கம்பெனியில பச்சத்தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்க போல."

"குடிங்க வக்கீல் சார். அடுத்தது வந்தா லஞ்சமான்னு யோசிப்போம்," என்றார் நீதிபதி.

குழியருகே காத்திருந்த ஸ்தோயாவின் கணவர் வுகான் தன் கைக்குட்டையை அதன்மேல் பிடித்தார். அது மேல்நோக்கிப் படபடத்தது.

"மூச்சு விடுது. அடியில தண்ணி ஏறுது, வாங்க."

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். குழியிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. காலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. ஆழத்தில் கற்கள் மோதிக்கொண்டன. பிறகு அந்தச் சத்தம் நின்று, பச்சை நிறத் தெளிந்த நீர் ஓசையின்றி ஏறிவந்து விளிம்பைத் தாண்டிப் புல்லில் பரவியது.

அதில் ஒரு சாண் நீளத்தில் வெளிறிய உடல் ஒன்று நெளிந்து வந்தது. நூல் போன்ற கால்கள், கழுத்தோரம் சிவந்த செவுள்கள். முகத்தில் கண்கள் இல்லை. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு மேலும் சில.

நீதிபதி உடன் வந்த எழுத்தரிடம் சொல்லத் தொடங்கியதைப் பாதியில் விட்டார். ஓக்ன்யென் குந்தி உட்கார்ந்தார். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்ததை அவர் கவனிக்கவில்லை. கையை நீட்டியவர், தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எத்தன வருஷம் உயிரோட இருக்கும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நம்மள விட அதிகமா இருக்கும்னு சொல்றாங்க," என்றார் தியோதோரா.

வுகான் வாளியில் நீர் முகந்து, புல்லில் தங்கியவற்றை ஒவ்வொன்றாக அதில் ஏந்திக் குழிக்குள் திரும்ப விட்டார்.

"எழுதுங்க," என்றார் நீதிபதி கடைசியில். "தண்ணீர் வந்தது. உயிர்கள் வந்தன. எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா?"

"இல்லைங்கம்மா," என்றார் ஓக்ன்யென்.

டிசம்பரில் உரிமம் ரத்தானது. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை.