கழுவாத பதினேழு ஓடுகள்

அம்மாவின் மேல் வந்த கோபத்தை இன்னும் முழுதாக விழுங்க முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிசிலியில் எங்கள் ஆய்வுக் குழு தோண்டியெடுத்த கிரேக்கச் சாடிகளின் பதினேழு ஓடுகள். எதைத் தோண்டினாலும் மாலையில் வாளித் தண்ணீரில் கழுவிவிடுவதுதான் எங்கள் வழக்கம். இந்தப் பதினேழை மட்டும் கழுவாமல் மண்ணோடு பொத்திவைத்திருந்தேன். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் சாடிக்குள் இருந்தது வைனா எண்ணெயா என்று ஓட்டில் ஊறிய பிசுக்குத்தான் சொல்லும். என் முனைவர் பட்டமே அந்தப் பிசுக்குத்தான். வெளியே கொண்டுபோக இத்தாலிக்காரர்கள் ஒரே ஒரு தடவைதான் அனுமதி தந்தார்கள். திங்கட்கிழமை ஜெர்மனியில் ஹனோவர் ஆய்வுகூடத்தில் சோதனைக்கு நாள் குறித்து டெர்மின் வாங்கியிருந்தேன். போகிற வழியில், ஊன்ட்றொப் கோவில் தேர்த் திருவிழாவுக்காக டோர்ட்மண்டில் அம்மா வீட்டில் இறங்கினேன். புத்தி கெட்டவள்.

சனிக்கிழமை கடைக்குப் போய் வந்தால், குசினி மேசையில் துவாய் விரித்து ஓடுகள் காய்ந்துகொண்டிருந்தன. பளபளவென்று.

"நாளைக்குத் தேரெல்லோ பிள்ளை, வீடு முழுக்கக் கழுவினனான். உதுகளையும் சோப் போட்டு நல்லா உரஞ்சி விட்டன். எவ்வளவு ஊத்தை!"

"ஐயோ அம்மா! உங்களை ஆர் தொடச் சொன்னது?"

கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடமாக 'உடைஞ்ச பானை படிக்கிறன்' என்று சொல்லித் தப்பித்த வாய்தானே இது. அந்த ஊத்தைதான் என் படிப்பு, சோப் பட்டால் இனி அதைச் சோதிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா போனைப் பறித்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், பிழை தன்னுடையது, மகளுடையது இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். மறுமுனையில் அவர் மெதுவாக ஏதோ பேசினார்.

போனை வைத்தபோது அம்மாவின் முகத்தில் உயிர் வந்திருந்தது.

"நல்ல மனுசன். துளியும் கோவிக்கேல்லை. பரவாயில்லையாம். உன்னை ஆறுதலா இருக்கட்டாம்."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். ஓர் அடிக்குறிப்பில் பக்க எண் பிழைத்ததற்குக் கதவு அதிரக் கத்தியவர். தேறுவார்கள் என்று நம்புகிறவர்களிடம்தான் கத்துவார். போன வருடம் என்னோடு அவரிடம் படித்த நடாலி ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் போன அன்று, தன் கையாலேயே அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன பிள்ளை, அவர் கோவிக்காதது நல்லதுதானே?"

"ஓம் அம்மா" என்றேன்.