இருமடங்கு வேகத்தில் வெல்மா

“அந்தப் பொண்ணு திரைக்குப் பின்னால நிக்கட்டும். நிழல் தெரிஞ்சா போதும்.”

கோர்டன் டாப்ளி சொன்னது வெல்மாவின் காதில் பளிச்சென்று விழுந்தது. இசைத்தட்டு கம்பெனி ஆள். மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன்.

1983. பர்மிங்ஹாமில் ஒரு பழைய கிடங்கு. உள்ளே ராக் பாட்டு ஒன்றுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார்கள் அடங்கியதும் தனியே மேலெழும் பெண்குரல்தான் அந்தப் பாட்டுக்கு உயிர். அது கறுப்பினப் பெண் வெல்மாவின் குரல். வாயசைக்க வந்திருப்பவளோ ஹெட்டி. வெள்ளைக்காரி, பொன்னிறக் கூந்தல், வெள்ளி ஜாக்கெட்.

டிரம்மர் கீத் குச்சியை வீசினான். “குரல் இவளோடது, மூஞ்சி அவளோடதா? என்ன கூத்துய்யா இது?”

“ராக்னா டிவிக்காரனுக்கு ஒரே நிறந்தான்பா. நான் என்ன பண்ண?” என்றார் டாப்ளி.

வெல்மா அம்மாவை நினைத்தாள். ‘ராக்கா? சாத்தான் கச்சேரி!’ என்று வருஷக்கணக்கில் முகம் சுளித்த அம்மா, இப்போது தேவாலயச் சபை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்: என் மகள் டிவியில் வரப்போகிறாள். அதைப் பார்க்கப் புதுத் தொப்பிகூட வாங்கியாகிவிட்டது. நிழலைக் காட்டி, இதுதான் நான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கிளம்புவதற்குக் கோட்டை மாட்டினாள்.

“சாப்பிட்டுட்டாவது போ கண்ணு” என்று பன்றி இறைச்சி சாண்ட்விச்சை அவள் கையில் திணித்தான் கீத்.

இயக்குநர் பியர்ஸுக்கு எல்லாமே மெதுவாக மிதக்க வேண்டும். ஆனால் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, கேமராவில் ஃபிலிமையும் அதே வேகத்தில் ஓட்டுவார்கள். பிறகு சாதாரண வேகத்தில் போட்டால் திரையில் உடம்பு மிதக்கும், வாய் பாட்டோடு சரியாக இருக்கும்.

பாட்டு அணில் கத்துவதுபோல் கீச்சிட்டது. ஹெட்டி தடுமாறினாள். மறுபடி. காற்றாடி அடித்து முடி வாய்க்குள் போனது. மறுபடி.

“இது வாயா, தையல் மெஷினா?” ஹெட்டி சிரித்தே விட்டாள்.

வாசலருகே சாண்ட்விச் மென்றுகொண்டிருந்த வெல்மாவின் உதடுகள் தாமாகவே அசைந்தன. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சபையில் கடைசிப் பாட்டை எப்போதும் இருமடங்கு வேகத்தில்தான் முடிப்பார்கள். மூச்சு விட்டவர் தோற்றார். அம்மா தோற்றதே இல்லை. மகளும்தான்.

ஹெட்டி அதைப் பார்த்துவிட்டாள். விறுவிறுவென்று வந்து ஜாக்கெட்டைக் கழற்றி வெல்மாவின் தோளில் போட்டாள். “நீயே போடி தாயே. எனக்குத் தாடை கழண்டுடும்.”

“ஏய், ஏய்!” பாய்ந்தார் டாப்ளி.

“ஃபிலிம் ஒரு சுருள்தான் பாக்கி” என்றான் பியர்ஸ். “எடுக்கிறேன் சார். பிடிக்கலேன்னா வெட்டிக்குங்க.”

வெல்மா வெளிச்சத்துக்குள் போனாள். வாயசைக்கவில்லை. பாடினாள். அந்தக் கீச்சு வேகத்திலேயே, முழுக் குரலில். கீத் விசிலடித்தான்.

டாப்ளி வெட்டத்தான் நினைத்தார். ஆனால் உதடு ஒட்டிய காட்சி அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை. அம்மா வீட்டு முன்னறை முழுக்கச் சபைப் பெண்களின் தொப்பிகள். கிட்டார்கள் அடங்கின. திரை நிறைய வெல்மாவின் முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அம்மா கண்ணைச் சுருக்கினாள்.

“ஏண்டி, மேலுதட்டுல என்னடி அது?”

சாண்ட்விச் சாஸ். நாடு முழுக்க, நிதானமாக, மினுமினுத்தது.

“அம்மா, அது வந்து...”

“ஊரே பாக்குது, வாயைத் தொடைச்சுக்கக் கூடாதா?”

அம்மா எழுந்தாள். கைக்குட்டையை எடுத்து, டிவித் திரையில் மகளின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.