கார்மேகத்தின் பர்னர்

ஆகஸ்ட் மாதத்தில், அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில், நடுப்பகலில் ஒருவர் குளிர் என்று பேசினால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கத்தான் தோன்றும். ஃபோர்மேன் ரெங்கராஜ் சொன்னதோ தன் குளிரைப் பற்றி இல்லை.

“அந்த பர்னர மட்டும் அணைக்கச் சொல்லாதீங்க மேடம். கார்மேகத்துக்குக் குளிரும்.”

கார்மேகம் செத்துப்போனவன். பழைய அலுமினியத்தை உருக்கும் கொட்டகை இது. போன வருஷம் இரண்டாம் நம்பர் உலையில் ஈரமான ஸ்கிராப் விழுந்து வெடித்ததில் போய்ச் சேர்ந்துவிட்டான். உடலைக் கமுதிக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு அந்த உலையில் எதையும் உருக்கியதில்லை. ஆனால் காலி உலைக்குள் ஒரே ஒரு பர்னர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் அணைத்துப் பார்த்தார்களாம். உள்ளே யாருக்கோ பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டதாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஷியாமளா, திருச்சிக்காரி, அபுதாபியில் குடும்பம். அலுமினியம் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள், அதை உருக்கியபோது எவ்வளவு கரிப்புகை வெளியேறியது என்று கணக்குக் காட்டி எல்லையில் வரி கட்ட வேண்டும். அந்தக் கணக்கைத் தயார் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்தக் கொட்டகையிலிருந்து வாங்குபவர் கறாராகச் சொல்லிவிட்டார்: டன்னுக்குக் கரிப்புகை இவ்வளவுதான், ஒரு பொட்டு கூடினாலும் வேறு ஆலைக்குப் போய்விடுவேன். அவர் போனால் கொட்டகைக்குப் பூட்டு, அத்தனை பேருக்கும் ஊருக்கு டிக்கெட். கார்மேகத்தின் பர்னரைச் சேர்த்தால் கணக்கு கூடிவிடுகிறது. அதனால் அந்த கேஸை மெஸ் சமையலில் தள்ளிவிட்டேன். சமையல் உற்பத்தியில் சேராது. இந்த ஊரில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் ஏசியில் உட்கார்ந்து சொல்கிறார்கள்.

சரிபார்க்க மார்த்தா என்ற ஐரோப்பியப் பெண்மணி அன்று வருவதாக இருந்தது. எரிகிற பர்னரை அவள் பார்த்தால் தீர்ந்தது.

“உயிரோட இருக்கறவா வேலைய பாருங்கோ ரெங்கராஜ் அண்ணா,” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வால்வைத் திருகினார். தீ புஸ்ஸென்று உள்ளே இழுத்துக்கொண்டு அணைந்தது.

மார்த்தா வந்தாள். முதல் உலையைச் சுற்றிப் பார்த்தாள், மீட்டர்களைப் படம் பிடித்தாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் உலைக்கருகே வந்ததும் துடைப்பதை நிறுத்தினாள்.

“நல்லவேளை, இங்கே ஏசி போட்டிருக்கிறீர்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தகரக் கூரை கொட்டகையில் ஏது ஏசி? எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. பக்கத்தில் ரெங்கராஜ் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வாயிலிருந்து ஆவி வந்தது. நான் மார்த்தாவை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

அறையின் ஒரு ஜன்னல் கொட்டகையைப் பார்த்தது, இன்னொன்று வெளி முற்றத்தை. மார்த்தா காபி குடித்தபடி லேப்டாப்பில் தட்டினாள். எல்லாம் சுத்தம், ஒரு மணி நேரத்தில் கையெழுத்து என்றாள். அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது முற்றத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கால் வைக்க முடியாத அந்த வெயிலில், சிமென்ட் தரையில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஜோதிமணியைச் சாய்த்திருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகி லீவுக்குக் காத்திருக்கிற ஆள். உதடு நீலம் பாரித்திருந்தது. ரெங்கராஜ் தன் சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்தினார். அவர் வேண்டுமென்றே என் பக்கம் திரும்பவில்லை.

வேலை போனால் ஊருக்கு டிக்கெட் வாங்கலாம். உயிர் போனால்? கார்மேகம் போனது டிக்கெட்டிலா? அட ஆண்டவா, நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன்!

ஜன்னலைத் திறந்து, “பத்த வைங்கோ! யாராவது சீக்கிரம் போய்ப் பத்த வைங்கோ!” என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. அசைய முடிந்தால்தானே.

மார்த்தாவிடம் திரும்பினேன். இரண்டாம் உலையில் ஒரு பர்னர் வருஷம் முழுக்க எரிகிறது, அதை மறைத்துவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கணக்கு வரம்பைத் தாண்டும், தெரியுமல்லவா என்றாள். தெரியும் என்றேன். காலி உலையில் எதற்கு நெருப்பு என்று கேட்டாள்.

“அங்கே ஒருவருக்குக் குளிரும்,” என்றேன். சிரித்துவிடுவாள் என்று பயந்தேன்.

மார்த்தா சிரிக்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டே மற்றொரு ஜன்னல் வழியாக, ஆளே இல்லாத கொட்டகையை வெகுநேரம் பார்த்தாள்.

“உலை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே,” என்றாள், “அவருக்கா?”