கயிறு சுற்ற ஆளில்லை

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் மீன் பொரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ரொண்டாவின் கைப்பையில் துணி உலர்த்தும் கயிறு இரண்டு சுருட்டி இருந்தது. மூன்று மணிக்குள் அதில் குதித்துக் காட்டியாக வேண்டும். மூன்று மணிக்கு மிஸ் ஆர்டீலியாவை அவருடைய மகன் அட்லான்டாவுக்கு அழைத்துப் போகிறான். எண்பத்திரண்டு வயதில், பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அங்கே போகிறவர் செயின்ட் லூயிஸுக்குத் திரும்புவார் என்று யாரும் நினைக்கவில்லை.

காலையில் மரியாதைக்குக் குறைவில்லை. போதகர் பேசினார். நகர மன்றம் அனுப்பிய கண்ணாடிப் பலகையை, சக்கர நாற்காலியில் இருந்த மிஸ் ஆர்டீலியாவின் மடியில் வைத்தார்கள். முப்பத்தைந்து வருடம் தெருப் பெண்பிள்ளைகளுக்கு இரட்டைக் கயிறு குதிக்கப் பழக்கியவர், வீட்டுப்பாடம் பார்த்தவர், பள்ளிக்கூடத்தில் தகராறு என்றால் தாய்க்கு முன்னால் போய் நின்றவர் என்று அதில் பொறித்திருந்தது. மிஸ் ஆர்டீலியா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கயிறு எங்கடி?" என்றார்.

அவரிடம் குதிக்கப் பழகியவர்களில் இருபத்திரண்டு பேர் நீலச் சட்டையில் வந்திருந்தார்கள். நர்ஸ்கள், டீச்சர்கள், பஸ் ஓட்டும் ரொண்டா, வக்கீலாகிவிட்ட ட்ரினா. எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு மாதமாக அவரவர் வீட்டில் ஒற்றைக் கயிற்றில் குதித்து மூச்சைத் தேற்றி வைத்திருந்தார்கள். யாருக்குப் பின் யார் குதிப்பது என்று ரொண்டா பட்டியல் போட்டிருந்தாள். சுற்றுவது யார் என்று எழுத அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்போதும் ஒரு முனையில் மிஸ் ஆர்டீலியா, மறுமுனையில் அவர் தங்கை மிஸ் வெர்னா. வெர்னா இறந்து நான்கு வருடமாகிறது.

"சுத்துறது என்னடி பெரிய வித்தையா? அந்தப் பக்கம் பிடி," என்றாள் ட்ரினா.

வித்தைதான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைக்கு ஒரு முனையாகப் பிடித்து, இரண்டு கயிற்றையும் உள்நோக்கிச் சுழற்ற வேண்டும். ஒன்று தலைக்கு மேலே இருக்கும்போது மற்றது தரையைத் தட்ட வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. கண் கயிற்றில் இருக்கக் கூடாது, குதிப்பவள் காலில் இருக்க வேண்டும். சரியாக ஓடினால் டக், டக், டக் என்று கடிகாரம்போலச் சத்தம் கேட்கும். பழகாத ஆளுக்குப் பலமான கை முந்திக்கொள்ளும். சத்தம் நொண்டும். நொண்டுகிற சத்தத்துக்குள் யாரும் நுழைய முடியாது.

நொண்டியது. மூன்றாவது சுற்றில் கயிறு, முதலில் நுழைந்த நர்ஸ் லொரெய்னின் கழுத்தில் விழுந்தது.

"கொல்லப் பாக்குறீங்களா? நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரில டூட்டி இருக்கு!"

"ஏன் டூட்டி? நேரா அட்மிட் ஆயிரு," என்றாள் ட்ரினா.

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு ஜோடி பிடித்தது. பிறகு இன்னொன்று. கால் மணி நேரத்தில் சிரிப்பு நின்றது.

ரொண்டா சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். "மிஸ் ஆர்டீலியா, எங்களுக்கு ஏன் இதைச் சொல்லித் தரல?"

"மெம்பிஸ்ல சின்னப் பிள்ளையா இருந்தப்போ, குண்டா இருக்கேன்னு என்னைக் குதிக்கவே விடல. கயித்தைக் கையில குடுத்து நிக்க வச்சிட்டாங்க. கோடை முழுக்க நின்னேன். என் பிள்ளைங்க ஒருத்தியும் அப்படி நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." இடது கையை நீட்டினார். "அதுல இப்படி ஒரு ஓட்டை இருக்கும்னு தெரியலடி செல்லம். இங்க குடு."

இடது கையில் ஒரு முனையைக் கொடுத்தார்கள். மறுமுனையில் ட்ரினா. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. டக். ஓர் இடைவெளி. டக். மீண்டும் அதே அளவு இடைவெளி. இரண்டாவது கயிறு எங்கே தட்ட வேண்டுமோ அந்த இடம் அப்படியே காலியாக இருந்தது.

"நான் உங்க வலது கையா இருக்கேன்," என்று ரொண்டா நாற்காலியை ஒட்டி நின்று இரண்டாவது கயிற்றைப் பிடித்தாள். அந்தக் காலி இடத்தில் தட்டப் பார்த்தாள். ஓர் உடம்பின் இரண்டு கைகளுக்கு ஒன்றையொன்று தெரியும். அவளோ காதால் கேட்டுவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டியிருந்தது. கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டிருந்தது. கயிறுகள் மோதிச் சிக்கின. திரும்பவும் சிக்கின. நீலச் சட்டைக்காரிகள் வரிசை கலையாமல் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே நுழையவில்லை.

மகன் வந்து காரின் கதவைத் திறந்து வைத்தான். "அம்மா, நேரமாச்சு."

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றாள் ரொண்டா.

"அஞ்சு நிமிஷத்துல வராதுடி," என்றார் மிஸ் ஆர்டீலியா. "எனக்கும் வெர்னாவுக்கும் ரெண்டு வருஷம் ஆச்சு."

மகன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்து ரொண்டாவிடம் கொடுத்தான். கண்ணாடிப் பலகையையும், காகிதத்தில் சுற்றிய மீனையும் பின்சீட்டில் வைத்தார்கள். கார் திரும்பும்போது ரொண்டாவும் ட்ரினாவும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். டக்-டக். டக்-டக். ஜன்னல் இறங்கியது.

"ரொண்டா! முழங்கை!"

அவள் முழங்கையை விலாவோடு ஒட்டினாள். சத்தம் அப்படியேதான் நொண்டியது. கார் தெருமுனையில் சிவப்பு விளக்குக்காக நின்றது. அது பச்சையாகும் வரைக்கும் இருவரும் சுற்றினார்கள்.